ஊர்ப்புறத்தே குடியிருந்த மாணவர்

ஆசிரியர் ஒருவர் தாம் எழுதிய நூலைத் தாமே வெறுத்து, நண்பர் கையிலிருந்த படிகளையும் அழிக்கச் செய்தார் என்றால், அந்நூலை நாம் ஏன் வலிந்து தேடிப் படித்தல் வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் சில நூல்கள் தம்மிடத்து உள்ளவற்றால் அன்றித் தம்மிடத்து இல்லாதவற்றால் நமக்குப் பாடமாகின்றன. அத்தகைய நூல் ஒன்றைப்பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அந்நாவலின் பெயர் "பான்ஷா". 1828ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆசிரியர் பெயரின்றியே அது வெளியாயிற்று. எழுதியவர் நதானியல் ஹாதார்ன் என்னும் இருபத்து நான்கு வயது இளைஞர். அச்சிடுவதற்கு நூறு டாலர் வரை தம் கைப்பொருளையே கொடுத்தார். நூல் வெளிவந்த சின்னாட்களில் அவருக்கே அதன்மேல் வெறுப்புத் தோன்றிவிட்டது. அவருடைய கல்லூரித் தோழரான ஹொரேஷியோ பிரிட்ஜ் என்பார் நண்பரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தம்மிடமிருந்த படியைத் தீயிலிட்டார். ஹாதார்ன் மணந்த மாதரசிக்கும் தம் கணவர் இப்படியொரு நூல் எழுதியது தெரியாது. 1864இல் அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே, 1876இல், அது மறுபடியும் அச்சேறிற்று.

அமெரிக்கக் கல்லூரி மாணவரின் வாழ்க்கையைக் கதைப்பொருளாகக் கொண்ட முதல் நாவல் என்று இதனை இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பர். அக்காலத்துக் கல்லூரிகள் நமக்கு முற்றும் அந்நியமானவை அல்ல. அவற்றுள் ஒன்றாகிய டார்ட்மத் கல்லூரியில் 1811இல் பட்டம் பெற்ற டானியல் பூவர் என்னும் பாதிரியாரே யாழ்ப்பாணம் வந்து, 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரிக்குத் தலைவராக இருந்தவர். 1862இல் வெளிவந்த பெரிய தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியரான வின்சுலோ, மிடில்பரிக் கல்லூரியில் 1815இல் தேறியவர். எனவே அந்தக் கல்லூரிகள் எத்தகைய மனிதரை உருவாக்கின, யாரை உள்ளே விட்டன, யாரை வாயிலில் நிறுத்தின என்று அறியத் தமிழ் வாசகருக்கு உரிமையுண்டு.

ஹாதார்ன் பயின்றது போடின் கல்லூரி. மெய்ன் மாநிலத்தில், ஆன்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையிலுள்ள பிரன்ஸ்விக் என்னும் சிற்றூரில், பைன் மரக்காடு சூழ அமைந்தது. 1794இல் சாசனம் பெற்று 1802இல் திறக்கப்பட்ட அக்கல்லூரிக்கு, 1821இல் ஹாதார்ன் சேர்ந்தபோது இருபது வயதுகூட நிரம்பவில்லை. கடலோடியான தந்தை அவருடைய நான்காம் வயதிலேயே தொலைநாட்டுத் துறைமுகத்தில் மாண்டார். படிப்புச் செலவைத் தாய்மாமன் ஏற்றார். கல்லூரிக்குச் செல்லுமுன்பே அவர் தம் அன்னைக்கு எழுதிய கடிதம் ஒன்றில், பாதிரித் தொழிலும் வழக்கறிஞர் தொழிலும் மருத்துவமும் தமக்கு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, தாம் நூலாசிரியனானால் என்ன என்று கேட்டிருக்கிறார். மாமன் பணத்தில் படிக்கப்போகும் பிள்ளை எழுத வேண்டிய கடிதமா அது! ஆயினும் எழுதினார்.

கல்லூரியின் நாள் மணியோசையோடு விடிந்தது. இருள் நீங்குமுன் மாணவர்கள் வழிபாட்டுக்கு ஓடவேண்டும். பசியாறுமுன்பே முதற்பாடத்தை ஒப்பித்தாக வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கல்வியின் தூண்கள். புத்தகத்திலுள்ளதை மாணவன் திருப்பிச் சொல்ல, ஆசிரியர் சரிபார்ப்பார். பெரும்பாலும் அதுவே போதனை. மதுக்கடைக்குப் போதல் கூடாது, சீட்டாடுதல் கூடாது, ஓய்வுநாளில் உலாவுதலும் கூடாது. மீறுவோர்க்கு அபராதம். 1822இல் ஹாதார்ன் சீட்டாடிப் பிடிபட்டு ஐம்பது சென்ட் அபராதம் செலுத்தினார். கல்லூரித் தலைவர் வில்லியம் ஆலன் அவருடைய அன்னைக்கும் கடிதம் எழுதினார். மேடையில் நின்று பேசும் பயிற்சி அவருக்கு வேம்பாய்க் கசந்தது. அதற்கும் அபராதத்தையே கட்டினாரேயன்றி மேடையேறவில்லை. அதன் பயனாகப் பட்டமளிப்பு நாளில் அவருக்குப் பேச்சில்லை.

இத்தகைய பாடத்திட்டத்திலிருந்து எழுத்தாளர் எப்படி முளைத்தனர் என்று வியக்க வேண்டியதில்லை. அவர்கள் வகுப்பறையில் முளைத்தவர் அல்லர். மாணவர்கள் தாமே நடத்திய இலக்கிய சங்கங்கள் இரண்டு அங்கிருந்தன: பியூசினியன் சங்கம் ஒன்று, ஏதேனியன் சங்கம் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி நூல்நிலையம், தனி விவாத மேடை, தனிப் பகைமை. கல்லூரியின் நூல்நிலையத்தில் சாத்திர நூல்கள் உறங்கிக்கொண்டிருக்க, சங்கத்து அலமாரிகளில் புதுக் கவிதைகளும் நாவல்களும் கைமாறின. பிற்காலத்தில் பெருங்கவிஞராக விளங்கிய லாங்ஃபெல்லோ முதற் சங்கத்தவர். ஹாதார்னும் பிரிட்ஜும், பின்னர் 1853இல் அமெரிக்காவின் ஜனாதிபதியான பிராங்க்ளின் பியர்ஸும் இரண்டாம் சங்கத்தவர். 1825ஆம் ஆண்டு வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் தேறினர். லாங்ஃபெல்லோ முன்வரிசையில், ஹாதார்ன் நடுவரிசையில்.

இனி நாவலுக்கு வருவோம். ஹார்லிக் கல்லூரி என்று ஒரு கற்பனைக் கல்லூரி. மலைகளுக்கிடையே ஒதுங்கிக் கிடப்பது. அதன் தலைவர் டாக்டர் மெல்மத், நூற்கடலில் நீந்தவல்லவர், இல்லாளின் நாவுக்கோ அஞ்சுபவர். அவருடைய பாதுகாப்பில் எல்லன் லாங்டன் என்னும் வணிகர்மகள் வந்து தங்குகிறாள். மாணவர் இருவர் அவள்பால் மனம் வைக்கின்றனர். ஒருவன் எட்வர்ட் வால்காட். செல்வன், குதிரையேற்றம் அறிந்தவன், கவிதையும் புனைபவன். மற்றவன் பான்ஷா; நோயுற்ற உடல், தனிமை, இரவெல்லாம் விளக்கு. எல்லனைக் கவர்ந்து செல்ல வந்த கயவன் ஒருவனிடமிருந்து பான்ஷா அவளை மீட்கிறான். கயவன் பாறையிலிருந்து வீழ்ந்து மடிகிறான். நன்றியுணர்வால் எல்லன் தன்னையே தர முன்வர, பான்ஷா மறுத்துவிட்டுப் படிப்பிற்கே திரும்பி இருபதாம் வயதில் இறக்கிறான். அவள் சில ஆண்டுகள் கழித்து வால்காட்டை மணக்கிறாள்.

கயவனும் கடத்தலும் பாறையும் அக்காலத்து நாவற்சந்தையில் மலிவாகக் கிடைத்த சரக்குகள். ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டைப் படித்தவர் கையில் அவை தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றை நாம் குறைகூறி நேரம் போக்கவில்லை. பான்ஷாவும் உயிருள்ள மாணவன் அல்லன்; வெளிறிய முகத்தைத் தகுதிச்சீட்டாக ஏந்தி நிற்கும் ஒரு நிழல். மாணவர்கள் விடுதியொன்றில் கூடிக் குடித்து ஆரவாரிக்கும் இடத்தில்தான் நாவல் மூச்சுவிடுகிறது. ஐம்பது சென்ட் அபராதம் கட்டியவரின் அனுபவம் அங்கே பேசுகிறது.

ஆயினும் நாம் திரும்பத் திரும்பப் படித்தது முதல் அதிகாரத்தில் உள்ள ஒரு பகுதியை. ஹார்லியின் மாணவர்கள் எத்தகையோர் என்று ஆசிரியர் அங்கே வகைபிரித்துக் காட்டுகிறார். அண்மையில் கலப்பையை விட்டு வந்த, வெயில் கருத்த கன்னமுடைய நாட்டுப்புற இளைஞர் ஒரு சாரார். அவர்களே ஆண்டுகள் ஏற ஏற எப்படி முகம் வெளுத்து, நைந்த கறுப்புடையும் கண்ணாடியும் அணிந்து, பெருமிதம் கொண்டு நடக்கின்றனர் என்று நகைபடக் காட்டுகிறார். துறைமுகப் பட்டினங்களிலிருந்து வந்த நாகரிக இளைஞர் இன்னொரு சாரார். எவ்வளவு கூரிய பார்வை! உடையைக் கண்டே மாணவன் எத்தனை ஆண்டு படித்தவன் என்று சொல்லிவிடும் கண். பிறகு மூன்றாம் சாரார்: அந்நிலத்தின் ஆதிகுடிகளுடைய பிள்ளைகள் சிலர். அவர்களுக்கோ ஒரே வாக்கியம். அதிலும், அவர்களுக்கு நாகரிகம் புகட்டும் முயற்சி கைகூடாத தருமம் என்ற கேலியும் அடங்கியிருக்கிறது. அவர்களுடைய முகம் எப்படி, உடை எப்படி, எங்கே படுத்தனர், யாரோடு உண்டனர்? ஒன்றும் இல்லை. அவ்வாக்கியம் முடிந்ததும் அவர்கள் நாவலை விட்டே போய்விடுகின்றனர்; இறுதிவரை திரும்பி வரவில்லை.

கேலிக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. நாம் மேலே சொன்ன டார்ட்மத் கல்லூரியின் 1769ஆம் ஆண்டுச் சாசனமே ஆதிகுடி இளைஞரின் கல்வியை முதல் நோக்கமாகக் கூறுகிறது. அந்நோக்கத்தைச் சொல்லித் திரட்டிய பொருளில் எழுந்த கல்லூரியிலிருந்து பட்டம் பெற்றோரோ வெள்ளையரே பெரும்பாலும். ஹாதார்ன் இதனை எள்ளி நகையாடியிருந்தால் நாம் கைதட்டியிருப்போம். ஆனால் அவர் எள்ளியது வாக்குத் தவறிய தருமவான்களை மட்டும் அன்று; கற்க வந்த பிள்ளைகளையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டார்.

நிற்க. ஹாதார்ன் படித்த கல்லூரியில் உண்மையாகவே ஒரு மூன்றாம் சாரார் இருந்தார். சாரார் என்ன, ஒரே ஒருவர். அவர் பெயர் ஜான் பிரவுன் ரஸ்வர்ம். 1799இல் ஜமைக்காத் தீவின் போர்ட் அந்தோனியோவில், வெள்ளை வணிகர் ஒருவருக்கும் கறுப்பினத்து அடிமை மாதுக்கும் பிறந்தவர். தந்தை மகனை மறைக்கவில்லை. கனடாவுக்கு அனுப்பிக் கற்பித்து, பின்னர் மெய்ன் மாநிலத்துக்கு அழைத்துவந்து தம் பெயரையும் அளித்தார். தந்தை மறைந்த பின்னும் மாற்றாந்தாய் கைவிடவில்லை. ரஸ்வர்ம் சில காலம் கறுப்பினச் சிறுவர்க்கு ஆசிரியராக இருந்து பொருள் சேர்த்து, 1824இல் போடின் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்தார். 1826இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் சிலருள் அவர் ஒருவர். போடினில் அவரே முதல்வர். ஹாதார்ன் சேர்ந்திருந்த அதே ஏதேனியன் சங்கத்தில் அவரும் உறுப்பினர்.

ஹாதார்னுக்கு அவரைத் தெரியாதோ? நன்றாகத் தெரியும். பிரிட்ஜ் தம் முதுமையில், 1893இல், வெளியிட்ட நினைவுநூலில் இதனைச் சொல்கிறார். ரஸ்வர்ம் ஊரெல்லைக்குச் சற்று அப்பால் தச்சர் ஒருவர் வீட்டில் குடியிருந்தாராம். ஹாதார்னும் பிரிட்ஜும் பலமுறை அங்கே சென்று அவரைக் கண்டனராம். தம் நிறத்தைப்பற்றிய கூச்சத்தால் அவர் மட்டும் இவர்கள் இருப்பிடத்துக்குத் திரும்ப வரவில்லையாம். உழைப்பாளிதான், ஆயினும் குறிப்பிடத்தக்க திறன் வாய்ந்தவர் அல்லர் என்று பிரிட்ஜ் ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறார்.

அன்பர்களே, இந்தச் சில வரிகளைச் சற்று நின்று நோக்குவோம். இளைஞர் இருவர் ஊரெல்லையைத் தாண்டி நடந்து சென்று ஒருவரைக் கண்டது நற்செயல். அக்காலத்தில் அதுவும் அரிது. அதனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் வராமைக்குக் காரணம் வராதவருடைய கூச்சம் என்று எழுதிவிடுவது எத்தனை எளிது! கூச்சம் என்பது ஒருவன் உள்ளத்தில் தானே முளைப்பதா, பிறர் கண்கள் விதைப்பதா? விடுதிப் படிக்கட்டில் ஏறினால் எத்தனை தலைகள் திரும்பும் என்று கணக்கிட்டு அறிந்த இருபத்தைந்து வயது மனிதர் அவர். அங்கிருந்த பலரினும் மூத்தவர். வீடு ஏன் ஊருக்கு அப்பால் இருந்தது என்ற கேள்விக்குப் பிரிட்ஜின் நூலில் இடமே இல்லை. ஊருக்கு அப்பால் என்ற சொல்லின் பொருளைத் தமிழ் வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. திறனைப்பற்றிய மதிப்பெண்ணுக்கு விடை பின்னே வருகிறது.

பான்ஷாவின் கதை எண்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது; ஆகவே 1824இன் மாணவருக்கு அதில் இடமேது என்று சிலர் தடை எழுப்பலாம். சரியே. ஆனால் எண்பது ஆண்டு பழைமை என்பது அந்நாவலுக்கு மேற்போர்வைதான். மரங்களும் விடுதியும் மாணவரும் போடினிலிருந்து வந்தவை என்று படித்தவர் எவரும் ஒப்புவர். போடினிலிருந்து இத்தனையும் வரலாமெனில், தச்சர் வீட்டு அறை மட்டும் வரலாகாதா? பான்ஷாவை எண்ணிப் பாருங்கள். தனித்திருப்பவன், பிறர் களிப்பில் கலவாதவன், விளக்கொளியில் படிப்பவன். அப்படி ஒரு மாணவர் கண்முன்னே இருந்தார். அவருடைய தனிமைக்கு உண்மையான காரணம் இருந்தது. நாவலாசிரியரோ தனிமையை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டார். ரஸ்வர்மைக் கண்டே பான்ஷாவைப் படைத்தார் என்று நாம் சாதிக்கவில்லை. காரணமில்லாத தனிமையைக் காட்ட முயன்றதனாலேயே பான்ஷா நிழலாய்ப் போனான் என்பதே நம் துணிபு.

கல்லூரியின் இலக்கியத்தை நாவலில் தேடுவதைவிடப் பட்டமளிப்பு மேடையில் தேடுவது நன்று. 1825இல் அம்மேடையில் லாங்ஃபெல்லோ பேசினார். பதினெட்டு வயது, பேச எடுத்த பொருள் "நம் நாட்டு எழுத்தாளர்". அமெரிக்கா இங்கிலாந்தைப் பார்த்து எழுதுவதை விட்டுத் தனக்கென ஓர் இலக்கியம் காணவேண்டும் என்ற நல்ல பேச்சு. அடுத்த ஆண்டு, 1826 செப்டம்பரில், அதே மேடையில் ரஸ்வர்ம் பேசினார். அவர் எடுத்த பொருள் ஹெயிட்டித் தீவின் நிலையும் எதிர்காலமும். அடிமைகள் தாமே எழுந்து போரிட்டு, பிரெஞ்சுப் படையை வென்று, 1804இல் அமைத்த நாடு அது. அடிமைத்தளையில் கிடந்தவன் விடுதலை பெற்றால் மனிதனாக நிமிர்வான் என்பதற்கு அந்நாட்டைச் சான்றாக நிறுத்தினார். கேட்டிருந்தோருடைய நாட்டிலே அப்போது இருபது லட்சத்துக்கு அண்மையான மக்கள் அடிமைகளாக இருந்தனர். லாங்ஃபெல்லோவுக்கு "நம் நாடு" என்று சொல்ல ஒரு நாடு இருந்தது. ரஸ்வர்முக்கோ தம் மக்களின் பெருமையைச் சொல்லக் கடல் கடந்த தீவு ஒன்று தேவைப்பட்டது. இரு பேச்சுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு அக்கல்லூரி முழுமையாக விளங்கும்.

பிரிட்ஜ் போட்ட மதிப்பெண்ணுக்கு இப்போது விடை. பட்டம் பெற்ற ஆறே திங்களில், 1827 மார்ச் 16ஆம் நாள், நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ் என்னும் பாதிரியாருடன் கூடி ரஸ்வர்ம் "ஃப்ரீடம்ஸ் ஜர்னல்" என்னும் வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். கறுப்பினத்தார் தாமே உரிமையாளராகவும் ஆசிரியராகவும் இருந்து அமெரிக்காவில் நடத்திய முதற் பத்திரிகை அதுவே. பிறர் நெடுங்காலம் எங்களுக்காகப் பேசிவிட்டனர், இனி நாங்களே பேசுவோம் என்பது அதன் முதல் இதழின் கருத்து. அப்பத்திரிகையில் 1828இன் தொடக்கத்தில், "எஸ்" என்ற ஒற்றை எழுத்தே கையொப்பமாக, "தெரேசா" என்னும் ஹெயிட்டிக் கதை தொடராக வந்தது. விடுதலைப் போரின் நடுவே ஒரு தாயும் இரு பெண்மக்களும் தப்பிச்செல்வதும், அம்மக்களுள் ஒருத்தியாகிய தெரேசா பகைவரின் சூழ்ச்சியை அறிந்து, தாயையும் உடன்பிறந்தாளையும் பிரிந்து, தலைவர் துசேனுக்குச் செய்தி சொல்ல ஓடுவதும் கதை.

"தெரேசா" கலைநயத்தில் குறைவற்றது என்று சொன்னால் நாம் நடுநிலை தவறியவராவோம். அதன் நடை கண்ணீரில் நனைந்தது; வாக்கியங்கள் ஆடம்பரமானவை; தற்செயல்கள் மிகுதி. பான்ஷாவும் அதே ஆண்டு வந்தது; அதுவும் பெயரின்றி வந்தது; அதிலும் ஒரு பெண் இடருக்குள்ளாகிறாள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எல்லனைத் தூக்கிச் செல்கின்றனர், பிறகு மீட்கின்றனர், பிறகு மணக்கின்றனர். தெரேசா தானே முடிவு செய்து தானே ஓடுகிறாள். கருங்குழலும் கருமேனியும் உடைய பெண் ஒருத்தி ஒரு நாட்டின் விடுதலையைத் தன் கால்களில் சுமந்து ஓடும் கதையைத் தச்சர் வீட்டு மாணவரின் பத்திரிகை அச்சிட்டது.

ரஸ்வர்மின் பிற்கால வாழ்வு ஆராதனைக்குரிய நேர்கோடு அன்று. அமெரிக்காவில் தம் இனத்தார்க்கு நீதி கிடைக்காது என்று முடிவுகட்டி, ஆப்பிரிக்காவில் குடியேறுவதே வழி என்று 1829இல் எழுதத் தொடங்கினார். அக்கொள்கையை அதுகாறும் எதிர்த்துவந்த அவருடைய வாசகரே சினந்தெழுந்தனர், பத்திரிகை நின்றது. லைபீரியா சென்று அங்கும் ஒரு பத்திரிகை நடத்தினார். 1836 முதல் 1851இல் இறக்கும்வரை, அக்கரையில் மேரிலாந்து என்ற குடியேற்றத்தின் ஆளுநராக இருந்தார். அவர் முடிவு சரியா தவறா என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை. திறனில்லாதவர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஹாதார்னோ 1852இல் தம் கல்லூரித் தோழர் பியர்ஸ் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது அவருக்காக ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தார். அடிமை முறை மனித முயற்சியால் நீங்கத்தக்கதன்று, இறைவன் குறித்த காலத்தில் கனவுபோல் தானே மறையும் என்ற கருத்தை அதில் காண்கிறோம். தேர்தலில் வென்ற தோழர் அவருக்கு லிவர்பூலில் தூதரகப் பதவி அளித்தார். அதே 1852இல்தான் ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் "அங்கிள் டாம்ஸ் கேபின்" நூல்வடிவம் பெற்றது. அவர் அதனை எழுதிய இடம் எது? பிரன்ஸ்விக்! அம்மையாரின் கணவர் 1824இல் போடினில் தேறி, அங்கேயே பேராசிரியராக வந்தவர். மாணவப்பருவத்தில் ஹாதார்ன் நடந்த அதே வீதிகளில் நடந்துகொண்டுதான் அவ்வம்மையார் கனவு தானே கலையும் என்று காத்திராமல் எழுதினார்.

இத்தனையும் சொல்லி ஹாதார்னைத் தள்ளிவிடுமாறு நாம் கூறவில்லை. 1850இல் அவர் எழுதிய "ஸ்கார்லெட் லெட்டர்" உலகின் சிறந்த நாவல்களுள் ஒன்று. ஊரார் பழித்து ஒதுக்கிய ஒரு பெண், மார்பில் குற்றக்குறியைச் சுமந்து, குழந்தையுடன் ஊரெல்லைக் குடிசையில் வாழ்வதை அதில் எழுதினார். ஊர் அவளைப் பார்க்கும் பார்வையையும், அப்பார்வை அவளுள்ளே செய்யும் வேலையையும், கூச்சம் எங்கிருந்து விதைக்கப்படுகிறது என்பதையும், அவரினும் ஆழ்ந்து கண்டவர் சிலரே. இருபத்து நான்கு வயதில் இல்லாதிருந்த கண் நாற்பத்தாறாம் வயதில் திறந்திருந்தது. ஊரெல்லைக்கு அப்பாலுள்ள வீட்டின் கதவைத் தட்டி உள்ளே சென்று அமர்ந்து அறிந்தவர் அவர். ஆயினும் அக்குடிசையில் அவர் குடிவைத்தது இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வெள்ளைப் பெண்ணை.

பான்ஷாவைப் படிக்க விரும்பும் அன்பர்கள் இரண்டு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம், நூல் சிறிது. முதல் அதிகாரத்தை மட்டும் மெல்லப் படியுங்கள். பிரிட்ஜின் நினைவுநூல் கிடைத்தால் அதையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மிதந்த மரங்கள், காட்டில் பறித்த பழங்கள், சுட்ட புறாக்கள், பிடித்த மீன்கள் ஆகியவற்றிற்கெல்லாம் அந்நாள் நண்பர்களின் நினைவில் தாராளமாக இடமிருக்கிறது. தச்சர் வீட்டைப்பற்றிய செய்தி சில வரிகளே. விரைந்து புரட்டினால் கண்ணில் படாது.